பஞ்சாபகேசன் பெரிய எஞ்சின் வாங்கின கதை

பஞ்சாபகேசனுக்கு நாற்பத்தொரு வயசு. அந்த நாற்பத்தொரு வருஷத்தில் அவராக ஒரு சாமானைப் பார்த்து, "இதுதான் வேணும்" என்று கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. சட்டைத் துணியை அண்ணா எடுத்தார். படிப்பை மாமா நிறுத்தினார். டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்தது ஒருத்தர், பம்பாய்க்கு ரயிலேற்றியது இன்னொருத்தர். ருக்குவைக்கூட ஜாதகம்தான் பார்த்தது. இவர் பார்த்தது தாலி கட்டின பிறகு. மாதுங்காவில் ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்தால், "இட்லியா, தோசையா?" என்று சர்வர் கேட்டதுமே முகம் வெளுத்துவிடும். பக்கத்து மேஜைக்காரர் தட்டை எட்டிப் பார்ப்பார். அவருக்கு எதுவோ, இவருக்கும் அதுவே. பக்கத்து மேஜை காலியாக இருந்தால் காபி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

மோட்டார் சைக்கிள் வந்ததும் இந்த மாதிரிதான். யுத்தத்துக்காகத் திறந்த சப்ளை ஆபீஸ் ஒன்றில் ஆறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். மேலே இருந்த துரை சீமைக்குக் கப்பலேறும்போது ஆளுக்கொன்று கொடுத்தான். ஒருத்தருக்கு நாற்காலி, ஒருத்தருக்கு கிராமபோன். பஞ்சாபகேசன் கேட்க நினைத்தது நல்லதாக ஒரு சர்டிபிகேட். தொண்டையைக் கனைப்பதற்குள், தன் மோட்டார் சைக்கிளின் காகிதத்தை இவர் கையில் திணித்து, முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவன் போய்விட்டான்.

இருநூற்றைம்பது சி.சி. வண்டி. யுத்தத்துக்கு முந்தினது. பக்கத்தில் படகு மாதிரி ஒரு சைட்கார். துரை ஆள் ஒல்லி, சைட்காரில் அவன் ஏற்றினது ஒரு நாய் மட்டும். அதனால் வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாபகேசன் அதை ஓட்டக் கற்றுக்கொள்ள மூன்று மாசம் ஆயிற்று. முதல் மாசம் வேஷ்டி சக்கரத்தில் மாட்டி, செம்பூர் மைதானத்தில் கோவணத்தோடு இறங்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் பேண்ட்.

யுத்தம் முடிந்தது. ஊரெல்லாம் விளக்குப் போட்டார்கள். பஞ்சாபகேசனும் ருக்குவும் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். யுத்தம் முடிந்தால் யுத்தத்துக்காகத் திறந்த ஆபீசும் முடியும் என்பது அன்றைக்கு இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நாற்பத்தாறாம் வருஷம் மார்ச்சில் கடுதாசி வந்தது. ஏப்ரலோடு வேலை இல்லை. மே முப்பத்தொன்றுக்குள் செம்பூரில் ஆபீஸ் கொடுத்த ஒற்றை அறை வீட்டைக் காலி பண்ணித் தர வேண்டும்.

அடுத்த வாரம் பாலக்காட்டிலிருந்து ஒரு கார்டு. ருக்குவின் அண்ணா சுந்தரராமன் எழுதியிருந்தார். அவருக்கு அரிசி மில் இருக்கிறது. "மில்லில் மூட்டை எண்ண ஆள் வேண்டும். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. மாப்பிள்ளை கூச்சப்படாமல் வரலாம்."

'கூச்சப்படாமல்' என்ற சொல்லை ருக்கு மூன்று தடவை படித்தாள்.

"இத எழுதச் சொன்னது மன்னியாக்கும்," என்றாள். "அங்க போனா நான் சமையக்காரி, நீங்க மூட்டைக்காரர். ஆத்துக்கு நாலு பேர் வந்தா, 'எங்க மாப்பிள்ளை, பம்பாய்லேந்து வந்துட்டார், பாவம்'னு சொல்லுவா. அந்தப் பாவத்தைக் கேட்டுண்டு என்னால இருக்க முடியாது. ஏன்னா, எதாவது பண்ணுங்கோ."

பஞ்சாபகேசன் எதாவது பண்ணினார். கோட்டைப் பகுதியில் ஒரு மாடி அறையில் மை கம்பெனி ஒன்று இருந்தது. பேனா மை, ஸ்கூல் மை, சிவப்பு மை. மானேஜர் பெயர் வெங்கடேஸ்வரன். கை விரல் பத்தும் நீலம்.

"டவுனுக்கெல்லாம் ரயில்ல போற ஆள் இருக்கான்," என்றார் அவர். "பூனாவைத் தாண்டி, சதாரா, கராட்னு உள்ளே ரயில் இல்லாத ஊரா இருக்கு. ஊருக்கு ஊர் ஸ்கூல் திறந்துட்டான். அங்க போக ஆள் வேணும். மோட்டார் சைக்கிள் வெச்சிருக்கறவன் மை விக்க வரமாட்டான். மை விக்க வரவன்கிட்ட மோட்டார் சைக்கிள் இருக்காது. ரெண்டும் இருக்கறவர் நீங்க ஒருத்தர்தான் ஓய்."

பஞ்சாபகேசனுக்குக் காது சிவந்துவிட்டது. அவரை ஒருத்தர் அப்படிச் சொல்லி ஆயுசில் கேட்டதில்லை.

"ஆனா வண்டி கண்டாலா காட் மலை ஏறணும்," என்றார் மானேஜர். "மே இருபத்திரண்டு நான் பூனாவில, புதவார் பேட்டைக் கடையில இருப்பேன். சாம்பிள் பெட்டி, ஆறு டஜன் பாட்டில். அதோட பன்னெண்டு மணிக்குள்ள வந்து நில்லுங்கோ. வேலை ஆர்டரைக் கையில தரேன். வரலைன்னா கோவிச்சுக்கப்படாது, வேற ஆள் பாத்துப்பேன்."

ருக்கு அன்றைக்கே சுனாபட்டியில் ஓர் அறை பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரன், ஆர்டர் காகிதத்தைக் காட்டினால் சாவி தருகிறேன் என்றான். ஆக, பூனாவுக்குப் பன்னிரண்டு மணிக்குள் போனால் சுனாபட்டி, போகாவிட்டால் பாலக்காடு. கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் வண்டியைப் பரீட்சை பண்ணினார்கள். மை பாட்டில் கையில் இல்லை. அந்தக் கனத்துக்கு அம்மிக் கல்லைச் சைட்காரில் வைத்து, அதன்மேல் ருக்கு உட்கார்ந்துகொண்டாள். சயான் ஏற்றத்தில் பாதியில் வண்டி இருமியது, தும்மியது, நின்றது. நின்றதோடு விடாமல் பின்னால் உருள ஆரம்பித்தது. கைவண்டிக்காரன் ஒருத்தன் எட்டு மூட்டையோடு அவர்களைத் தாண்டிப் போகையில் திரும்பிப் பார்த்து, "தக்கா மாரூம் க்யா, சேட்?" என்று, தள்ளிவிட வருகிறவன் மாதிரி கேட்டான்.

"சயானே ஏறாதது கண்டாலா எங்கேந்து ஏறும்?" என்றாள் ருக்கு, அம்மியைக் கட்டிப் பிடித்தபடி.

அதனால்தான் பஞ்சாபகேசன் தாராவிக்கு வந்தார்.

தோல் கிடங்குக்குப் பின்னால் தளவாயின் தகரக் கொட்டகை இருந்தது. தளவாய்க்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். யுத்தத்தில் பட்டாளத்து ஒர்க் ஷாப்பில் நாலு வருஷம் மோட்டார் சைக்கிள் பிரித்து மாட்டினவர். வந்த கிராக்கியிடம் நேருக்கு நேர் 'வேண்டாம்' என்று சொல்லுவது அவருக்கு வராது. மனுஷனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வண்டியிடம் சொல்லுவார். கிராக்கி பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

"ஏ தாயி," என்றார் தளவாய், டாங்கைத் தடவிக்கொண்டு. "ஒன்னைய ஒரு ஒல்லித் தொரைக்குன்னு செஞ்சிருக்கான். ஆறு டஜன் மையையும் ஐயரையும் சொமந்துக்கிட்டு நீ மலையேறணும்னா எப்பிடி ஏறுவ?"

"அப்போ என்ன பண்றது?" என்று பஞ்சாபகேசனும் வண்டியைப் பார்த்தே கேட்டார்.

"பெரிய எஞ்சின் மாட்டணும் சாமி. வேற வழி இல்ல. குர்லாவுல மன்சூர் அலி பாய் கெடங்குல ரெண்டு கெடக்கு. பட்டாளத்துக்காரன் ஏலம் போட்டது."

மன்சூர் அலிக்கு மேலப்பாளையம். பம்பாய்க்கு வந்து இருபது வருஷத்தில் தமிழும் இந்தியும் அவர் வாயில் ஒன்றாகக் கலந்துவிட்டன. கோணியை விலக்கி, பெண் காட்டுகிறவர் மாதிரி இரண்டு எஞ்சினையும் காட்டினார்.

"தேக்கோ சாமி. இது முந்நூத்தம்பது. தந்தி கொண்டு போற சோல்ஜர் வண்டியில இருந்தது. நல்ல சுறுசுறுப்பு. இந்தப் பெரிசு அறுநூறு. சைட்கார்ல மூணு பேரையும் துப்பாக்கியையும் வெச்சு இழுத்தது. இழுன்னு சொன்னா குர்லா ஸ்டேஷனையே இழுத்துட்டு வந்துடும். எது வேணும்? ஜல்தி போலோ, ரெண்டுக்கும் ஆளு இருக்கு."

தளவாய் நூலை எடுத்து அளந்தார். வண்டியின் அளவு அவரிடம் முடிச்சுப் போட்ட நூலாக இருந்தது. அளந்து முடித்துப் பெரிய எஞ்சினின் முன்னால் குந்தினார்.

"பெரியவனே, நீ வந்தா இவ எலும்பையே அறுத்து ஒனக்கு எடம் பண்ணணும். அது கெடக்கு, செஞ்சிரலாம். ஒங்கூடப் பொறந்த கியர் பாக்ஸ் எங்கல? அத விட்டுட்டுத் தனியால்லா வந்திருக்க. இவளுக்கு இருக்க கியர் பாக்ஸ் பச்சப்பிள்ள பல்லு. நீ இழுக்குத இழுப்புக்கு அது தாங்குமா?" சின்னதன் பக்கம் திரும்பினார். "நீ அளவாப் பொருந்துத. சங்கிலிச் சக்கரத்தைச் சின்னதா மாத்தினா, மொத கியர்லயே உருட்டி உருட்டி ஏறிருவ. ஆனா நேரமாவும். பன்னெண்டுக்குப் போவியோ ஒண்ணுக்குப் போவியோ, அது ஒனக்கே தெரியாது."

"முதல் நாள் ராத்திரியே கிளம்பிட்டா?" என்றார் பஞ்சாபகேசன்.

"இந்த வெளக்க நம்பியா சாமி? இதுக்கு மின்மினிப்பூச்சிய ஒரு பாட்டில்ல புடிச்சுக் கட்டிக்கிடலாம்."

இதுதான் விஷயம். சின்னது ஏறும், ஆனால் நேரத்துக்குப் போகுமோ என்னவோ. பெரியது நேரத்துக்குப் போகும், ஆனால் கியர் பாக்ஸ் தாங்குமோ என்னவோ. பஞ்சாபகேசன் பழக்கப்படி பக்கத்து மேஜையைத் தேடினார். அங்கே துருப்பிடித்த டிரம்தான் இருந்தது. மன்சூர் அலி பீடி பற்றவைக்கத் திரும்பின சமயம், பெரிய எஞ்சினின் தலையில் மெள்ள உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெயிலில் கிடந்து சூடாக இருந்தது. தூங்குகிற யானையைத் தொட்ட மாதிரி ஒரு சந்தோஷம். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்றேன் பாய்."

"நாளைக்குச் சாயங்காலம் வரை வெச்சிருக்கேன். அப்புறம் எம்மேல பேச்சு இல்ல."

வீட்டுக்கு வந்து ருக்குவிடம் கேட்டார். "நேக்கென்ன தெரியும் எஞ்சினைப் பத்தி? உங்க மனசில எது இருக்கு?" என்றாள் அவள். மனசில் இருப்பதைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "ரெண்டும் நன்னாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை தளவாயே ஒரு வழி சொன்னார். "தாயிட்ட கேட்டுருவோம் சாமி. பூக்கட்டிப் பாத்திருவோம்."

தாராவியில் அவர்கள் பக்கத்தில் முப்பிடாதி அம்மனுக்கு ஒரு தகரக் கோயில். திருநெல்வேலியிலிருந்து வந்த ஜனங்கள் பெண் கொடுப்பது, கடை வைப்பது, கப்பலேறுவது எல்லாம் அங்கேதான் கேட்டுச் செய்தார்கள். இரண்டு இலையில் இரண்டு நிறப் பூவை மடித்து நூல் கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். வழியில் போகிற சின்னப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் அம்மன் சொன்னது தெரிந்துவிடும். அப்புறம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ருக்குவுக்கும் சம்மதம். பாலக்காட்டிலும் பூ வைத்துப் பார்ப்பார்கள், அவள் பிறந்த வீட்டுக் கிணறே அப்படித்தான் தோண்டினது.

தோல் நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் வைத்தபடி ருக்கு வந்து நின்றாள். பூசாரி பூதத்தான் பூவைக் கொண்டுவந்தார். பெரிய எஞ்சினுக்குச் செவ்வரளி, சின்ன எஞ்சினுக்கு வெள்ளை நந்தியாவட்டை. இலையில் மடித்து, கண்ணை மூடிக் குலுக்கி, காலடியில் போட்டார்.

"எஞ்சினுக்குப் பூக்கட்டுதது இதான் மொதத் தடவ," என்றார் பூதத்தான். "பொண்ணுக்குக் கட்டியிருக்கேன், எருமைக்குக் கட்டியிருக்கேன். தாயிக்கு சி.சி. தெரியுமால தளவா?"

"ஒமக்குத்தான் தெரியாது. அவளுக்குத் தெரியும். சும்மா கெடயும்வே."

பிள்ளையைக் கூட்டிவரத் தளவாய் சந்துக்குப் போனார். பூதத்தான் கற்பூரம் தேடி உள்ளே போனார். பஞ்சாபகேசனும் ருக்குவும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா, கழுத்து மணி ஆட, தன் வீட்டுக்குள் வருவது போல வந்தது. இரண்டு பொட்டலத்தையும் மோந்து பார்த்தது. ஒன்றைக் கவ்வி, நூலோடு, இலையோடு, அம்மன் வாக்கோடு மென்று விழுங்கியது.

தளவாய் மூக்கொழுகும் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஒரு பொட்டலம்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தார்கள். செவ்வரளி.

"அப்ப கிடா எடுத்தது வெள்ள," என்றார் தளவாய், ஏதோ கண்டம் தப்பின மாதிரி. "கிடா யாரோட கிடா? தாயோட கிடா. தாயே கிடாவ அனுப்பி எடுத்திருக்கா. சின்ன எஞ்சின்தான் சாமி."

"ஆமா, பிள்ள எடுத்தா என்ன, கிடா எடுத்தா என்ன?" என்றார் பூதத்தான். "கிடா இன்னும் சுத்தம். மூக்கு ஒழுகாது."

பஞ்சாபகேசன் கிடாவைப் பார்த்தார். அது அசை போட்டுக்கொண்டு இவரைப் பார்த்தது. தலையாட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். நாற்பத்தொரு வருஷமாக ஆட்டின தலை. இந்தத் தடவை தலை ஆடவில்லை, காது மடல்தான் துடித்தது.

அதைக் கண்டது ருக்கு ஒருத்திதான். மனசில் இருப்பது வாய்க்கு வராவிட்டால் அவருக்குக் காது மடல் துடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அரளியை எந்த ஆடும் தின்னாது," என்றாள் அவள். "எங்காத்தில மாடு கன்னு ஆடு எல்லாம் இருந்தது. அரளி விஷமாக்கும், ஆட்டுக்கு அது தெரியும். மோந்து பாத்துட்டு மத்ததைத் தின்னுடுத்து. இதில அம்மன் எங்க சொன்னா? அதுக்குப் பசி."

தளவாய் பூதத்தானைப் பார்த்தார்.

"அப்ப மறுபடி கட்டுவோம்," என்றார்.

"ஒரே காரியத்துக்கு ஒரு நாள்ல ரெண்டு கட்டு கெடையாது," என்றார் பூதத்தான். "வாற வெள்ளிக்கெழம வாங்க."

மன்சூர் அலியின் கெடு அன்று சாயங்காலம். எல்லாரும் பஞ்சாபகேசனைப் பார்த்தார்கள். அம்மனும் பார்த்துக்கொண்டிருந்தாள், கையைக் கழுவின மாதிரி.

பஞ்சாபகேசன் கீழே கிடந்த செவ்வரளியை எடுத்தார். "கிடா தின்னது கிடாவுக்கு," என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "மீதி வெச்சது நேக்கு. பெரிசுதான் வேணும் தளவாய்."

ருக்கு பெருமையோடு முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, உடனே மறுபடி வைத்துக்கொண்டாள்.

ஆபீஸில் கணக்குத் தீர்த்துக் கொடுத்ததில் முக்கால்வாசி மன்சூர் அலிக்குப் போயிற்று. தளவாய் ஒன்பது நாள் வேலை பார்த்தார். வண்டிச் சட்டத்தின் எலும்பை அறுத்தார், தகடு வெட்டிப் பற்றவைத்தார், பெரியவனை உட்காரவைத்தார். பெரியவனுக்குக் கியர் பாக்ஸ் தேடி கல்யாண் கேம்ப் வரை போய் வெறுங்கையோடு வந்தார். கடைசியில் பழைய கியர் பாக்ஸையே கழுவி, எண்ணெய் விட்டு, மூடும்போது அதனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று பஞ்சாபகேசன் கேட்கவில்லை.

பதினெட்டாம் தேதி வண்டி உயிர் வந்து நின்றது. சத்தம் டுப், டுப், டுப் என்று நிதானமாக, சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடுகிற பெரிய மனுஷன் மாதிரி. பஞ்சாபகேசன் ருக்குவைச் சைட்காரில் ஏற்றிக்கொண்டு மாதுங்கா வட்டத்தைச் சுற்றினார். ஹோட்டல் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சயான் ஏற்றத்தைத் தும்மாமல் ஏறினார். மேலே போய், திரும்பி இறங்கி, யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவை ஏறினார். ருக்குவின் கொண்டை அவிழ்ந்துவிட்டது. "போறும்னா, போறும்," என்று கத்தினாள். போதும் என்கிற முகமாக அது இல்லை. இருவருக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவர்கள் சேர்ந்து சிரித்ததை அக்கம்பக்கத்தார் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

இருபத்திரண்டாம் தேதி விடிந்ததும் கிளம்பினார். பெரிய எஞ்சின் குடிக்கிற பெட்ரோலுக்கு மூன்று வார ரேஷன் கூப்பன் ஒரே நாளில் போயிற்று. தளவாய் தானும் வருகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டார். கியர் பாக்ஸ்மேல் நம்பிக்கை இல்லாததால் வருகிறேன் என்று சொல்லவில்லை. "பூனா பாத்ததில்ல சாமி," என்றார். தாணா, பன்வேல் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கோப்போலி அடிவாரத்துக்கு வந்தபோது மணி எட்டரைகூட ஆகவில்லை.

மலை ஆரம்பிக்கிற இடத்தில் தளவாய் இறங்கிக்கொண்டார். "எங் கனம் எதுக்கு? நீங்க போங்க, நான் நடந்து வாரேன்."

பெரியவன் ஏறினான். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. சாமான் லாரி ஒன்று முக்கி முனகிக்கொண்டு போனது, அதையும் தாண்டினார். சைட்காரில் ஆறு டஜன் பாட்டிலும் கிணுகிணுவென்று பேசிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், மானேஜர் வருவதற்குள் முகம் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்புறம் சதாரா. அப்புறம் கராட். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மை. கீழே வளைவில் குறுக்கு வழியாக ஏறி ஓடி வந்த தளவாயைப் பார்த்து, கையைத் தூக்கி, "பாத்தியா தளவாய்!" என்று கத்தினார்.

அதற்கடுத்த வளைவு செங்குத்து. வாய்ச் சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு சங்கிலி சும்மா தொங்கியது.

எஞ்சின் நிற்கவில்லை. அதுதான் கொடுமை. டுப், டுப், டுப் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் மட்டும் அசையவில்லை.

தளவாய் மூச்சிரைக்க வந்து, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, கியர் பாக்ஸைத் திறந்தார். உள்ளே கையை விட்டு எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எண்ணெயில் நனைந்து ஏழெட்டு இரும்புப் பல்.

தாண்டிவந்த லாரி அப்போது வந்து சேர்ந்தது. சர்தார்ஜி டிரைவர். மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை, ஒரு ஆளையும் ஒரு பெட்டியையும் வேண்டுமானால் ஏற்றிக்கொள்கிறேன் என்றான்.

"போங்க சாமி," என்றார் தளவாய். "பன்னெண்டுக்குள்ள பெட்டியோட நிக்கணும்னுதானே சொன்னாரு? நில்லுங்க. வண்டி அந்தா பின்னால வருதுன்னு சொல்லிக்கிடலாம். நான் பாத்துக்கிடுதேன்."

பஞ்சாபகேசன் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து பூனா போனார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கின போதெல்லாம் குழந்தையைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொடுத்தார். புதவார் பேட்டைக் கடை வாசலில் அவர் பெட்டியோடு நின்றபோது மணி பதினொன்று ஐம்பது.

வெங்கடேஸ்வரன் எழுந்தே நின்றுவிட்டார். "பேஷ்! பாட்டில் உடைஞ்சிருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை சார்."

"உக்காருங்கோ. ஆர்டரை இப்பவே எழுதிடலாம்." பேனா மூடியைத் திறந்தவர் மூக்கைச் சுருக்கினார். சட்டையெல்லாம் வெங்காய நாற்றம். வாசலை எட்டிப் பார்த்தார். "வண்டி எங்கே நிறுத்தியிருக்கேள்?"

தெருக்கோடியில் என்று சொல்லலாம். பெட்ரோல் போடப் போயிருக்கிறது என்று சொல்லலாம். லாரியில் வந்த மூன்று மணி நேரத்தில் இப்படி ஏழு பதில் தயார் பண்ணி வைத்திருந்தார். பேனா காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே நின்றுகொண்டிருந்தது.

"காட்ல நின்னுபோச்சு சார்," என்றார் பஞ்சாபகேசன்.

மானேஜர் நல்ல மனுஷர். கத்தவில்லை. பேனாவைப் பிடித்தபடியே, "ரிப்பேர் பண்ணிட்டா மழைக்காலத்தில சதாரா ரோட்ல நிக்காதுன்னு சொல்ல முடியுமோ?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று அவரே எதிர்பார்த்த மாதிரிகூட இருந்தது.

தளவாயின் உள்ளங்கை பஞ்சாபகேசனின் கண்ணுக்குள் வந்தது.

"நிக்கும் சார்."

பேனா மூடிக்கொண்டது. மானேஜர் அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார், ரயில் டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது பஞ்சாபகேசனுக்கு.

வண்டியைத் தளவாய் கயிறு கட்டி, ஆள் பிடித்து, கோப்போலிக்கு இறக்கி, இரண்டு நாள் கழித்து லாரியில் தாராவிக்குக் கொண்டுவந்தார். இருபத்தெட்டாம் தேதி பஞ்சாபகேசன் அவரைப் பார்க்கப் போனார். செம்பூர் வீட்டைக் காலி பண்ண மூன்று நாள் இருந்தது. சுனாபட்டி அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

கொட்டகையில் பெரியவன் தனியாக, ஒரு பலகைமேல் இருந்தான். துடைத்து வைத்திருந்தது.

"மழைக்கு அப்புறம் கல்யாண்ல இன்னொரு ஏலம் இருக்காம்," என்றார் தளவாய். "சரியான கியர் பாக்ஸ் வந்தாலும் வரும்."

"மழைக்கு அப்புறம் நான் இங்க இல்லையே."

"ஆமா."

அதை விற்றுத் தன் கூலியை எடுத்துக்கொள்ளும்படி பஞ்சாபகேசன் சொன்னார். தளவாய் கூலியைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள் என்றார். வாசல்வரை போன பஞ்சாபகேசன் திரும்பி வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் தளவாய். அந்தச் சின்னது ஏறியிருக்குமோ?"

தளவாய் கையைத் துணியில் துடைத்தார். ஏற்கனவே துடைத்த கை. மறுபடியும் துடைத்தார்.

"ஏறியிருக்காது சாமி," என்றார். "அதுவும் அங்கனதான் நின்னிருக்கும்."

"உருட்டி உருட்டி ஏறிடும்னு நீதானே சொன்னே?"

"அன்னிக்கு ஏதோ தெரியாமச் சொல்லிட்டேன்."

நாலு வருஷம் பட்டாளத்து எஞ்சினெல்லாம் பிரித்துப் பார்த்த மனுஷன் 'தெரியாம' என்கிறார். பஞ்சாபகேசன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, சயான் வரைக்கும் நடந்தே போனார்.

வீட்டில் ருக்கு பாலக்காட்டுக்குக் கொண்டுபோகப் பாத்திரங்களைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும் வரை காத்திருந்துவிட்டு, "என்ன சொன்னார் தளவாய்?" என்று கேட்டாள்.

"சின்னதை வாங்கியிருந்தாலும் ஏறியிருக்காதாம்."

ருக்கு அவர் காது மடல் துடிப்பதைப் பார்த்தாள்.

"அப்ப சரி," என்றாள். "அந்தக் கயித்தை எடுங்கோ. இந்த மூட்டையை நீங்க பிடிச்சுண்டாதான் இறுக்கிக் கட்ட முடியும்."

அவர் பிடித்துக்கொண்டார். அவள் கட்டினாள்.